பயிரின் தாகத்தைப் பயிரிடமே கேட்போம்

கிராமங்களுக்குச் செல்லும்போது உழவர் பெருமக்கள் எங்களிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி விதையைப் பற்றியதும் அன்று. உரத்தைப் பற்றியதும் அன்று. "அடுத்த தண்ணீர் எப்போது கட்டலாம்?" என்பதுதான் அந்தக் கேள்வி. நாங்களும் நெடுங்காலமாக ஒரே மாதிரியான பதிலையே சொல்லி வந்திருக்கிறோம். "ஏழு நாளைக்கு ஒரு முறை கட்டுங்கள்" என்போம். அல்லது "பத்து நாளைக்கு ஒரு முறை" என்போம். இது நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லும் பதில். பயிரைப் பார்த்துச் சொல்லும் பதில் அன்று.

மாசி மாத வெயிலும் ஐப்பசி மாத மேகமூட்டமும் ஒன்றல்ல. கரிசல் மண்ணும் செம்மண்ணும் ஒன்றல்ல. இருபது நாள் செடியும் அறுபது நாள் செடியும் ஒரே அளவு தண்ணீர் குடிப்பதில்லை. அப்படியிருக்க, எல்லாவற்றுக்கும் ஒரே நாள் கணக்கு எவ்வாறு பொருந்தும்? தாகம் பயிருக்கு. ஆகவே, கேள்வியையும் பயிரிடம்தான் கேட்க வேண்டும். இலையைக் கிள்ளாமல், செடியைப் பிடுங்காமல், உயிரோடு நிற்கும் பயிரின் தாகத்தை அறியும் வழிகள் உள்ளன. அவற்றுள் சிறு விவசாயிகளால் செய்யக்கூடியவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கரண்ட் வந்தால் தண்ணீர்

இறவைப் பாசனப் பகுதிகளில் இன்று பல இடங்களில் நாட்காட்டிக் கணக்கும் இல்லை. மும்முனை மின்சாரம் வரும் நேரம்தான் பாசன நேரம். மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டு விட்டு வீட்டில் படுத்துக் கொள்கிறோம். நள்ளிரவில் கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடத் தொடங்குகிறது. மடை எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் போகிறது. பயிருக்கு அது வேண்டுமா, வேண்டாமா என்று கேட்பாரில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு ஒரு முறை தண்ணீர் கட்டினால் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் செலவாகிறது. மணிக்கு 20,000 லிட்டர் இறைக்கும் மோட்டார் அதற்குப் பத்து மணி நேரம் ஓட வேண்டும். தேவையில்லாத ஒரு தண்ணீரை நிறுத்தினால் இவ்வளவும் கிணற்றிலேயே இருக்கும். பங்குனியில் கிணறு வற்றி, காய் பிடித்த பயிர் கண்ணெதிரே காயும்போது, தை மாதத்தில் வீணாக விட்ட அந்த ஒரு தண்ணீரின் அருமை தெரியும். ஆழ்துளைக் கிணற்றை இன்னும் நூறு அடி இறக்கக் கடன் வாங்கியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. தண்ணீரைத் தள்ளிப் போட்டாலும் நட்டமே. இலை வாடுவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பயிரின் வளர்ச்சி குறைந்து விடுகிறது. நிலக்கடலை பூத்து விழுது இறங்கும் பருவத்திலும், மக்காச்சோளம் ஆண் பூங்கொத்து விட்டுக் கதிரில் பட்டிழை வெளிவரும் பருவத்திலும் ஏற்படும் தாகத்தைப் பின்னால் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் ஈடு செய்ய முடியாது. ஆகவே, முந்தியும் விடக்கூடாது, பிந்தியும் விடக்கூடாது. சரியான நாள் எது என்பதே கேள்வி.

விரலை வெட்டிய வைத்தியம்

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியில் சேர்ந்த புதிதில், கொங்குப் பகுதியில் ஒரு விவசாயியின் நிலக்கடலை வயலில் பாசன ஆய்வு நடத்தினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நண்பகலில் சென்று இலைகளைப் பறிப்பேன். அவற்றை உடனே எடை போட வேண்டும். பிறகு சில மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு மீண்டும் எடை போட வேண்டும். கடைசியாக உலர் அடுப்பில் காயவைத்து மூன்றாம் முறை எடை போட வேண்டும். இந்த மூன்று எடைகளிலிருந்து இலையில் எவ்வளவு நீர் இருந்தது என்று கணக்கிடுவோம். முறை சரியானதே, இன்றும் ஆய்வுக்கூடங்களில் வழக்கத்தில் உள்ளது.

வயலுக்குச் சொந்தக்காரரான அந்தப் பெரியவர் சில வாரங்கள் பேசாமல் பார்த்துக் கொண்டிருந்தார். ஒரு நாள் கேட்டார்: "ஏனுங்க சார், காய்ச்சல் பார்க்க வந்த டாக்டரு விரலை வெட்டி எடுத்துட்டுப் போனா நோவு தீருமுங்களா?"

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. நான் இலை பறித்த வரிசைகள் மற்ற வரிசைகளைப் போல் இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அதோடு, என் முடிவு கிடைப்பதற்குள் மறுநாள் மாலையாகி விடும். அதற்குள் அவர் தண்ணீர் கட்டி முடித்திருப்பார். "நீங்கள் எப்படித் தெரிந்து கொள்கிறீர்கள்?" என்று கேட்டேன். வயலின் ஓர் ஓரத்தைக் காட்டினார். கிணறு வெட்டிய காலத்தில் சரளையும் மணலும் கொட்டிய இடம் அது. "அங்க செடி முந்திக் கைகூப்புமுங்க. அடுத்த நாளு நான் மடையைத் திறந்துருவேன்" என்றார்.

நிலக்கடலைச் செடி தாகம் எடுத்தால் தன் சிற்றிலைகளை மடித்துக் கொள்ளும். அதைத்தான் அவர் கைகூப்புவதாகச் சொன்னார். நான் இலையைப் பறித்துத் தேடிய விடையை அவர் இலையைத் தொடாமலே பெற்றிருந்தார். அன்று கற்ற பாடத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இலையின் குளிர்ச்சி

செடியின் தாகத்தைத் தொடாமல் எப்படி அறிய முடியும் என்பதற்கு விஞ்ஞான விளக்கம் எளிதானது. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இலையும் ஒரு மண்பானையே. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இலைத்துளைகள் வழியே ஆவியாகி வெளியே போய்விடுகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அதனால்தான் கொளுத்தும் வெயிலிலும் நன்றாகத் தண்ணீர் குடித்த பயிரின் இலை தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது.

மண்ணில் ஈரம் குறைந்ததும் செடி தன்னைக் காத்துக் கொள்ள இலைத்துளைகளை மூடிக் கொள்கிறது. ஆவியாவது குறைகிறது, இலை சூடாகிறது. மனிதனுக்குக் காய்ச்சல் வருவது போலப் பயிருக்கும் ஒரு காய்ச்சல் வருகிறது. கண்ணுக்கு வாட்டம் தெரியும் முன்பே இந்தச் சூடு தெரிந்து விடும்.

செடிக்குக் கேடு செய்யாமல் அளக்கும் முயற்சி புதியதன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு சூரியகாந்திச் செடியைத் தொட்டியில் வளர்த்து, தொட்டியின் வாயை மூடி, தொட்டியோடு எடை போட்டுப் பார்த்தார். ஒரு பகலில் அச்செடி சராசரியாக அரை லிட்டருக்கும் சற்று அதிகமான நீரை ஆவியாக விட்டது என்று கண்டார். இதை 1727-இல் நூலாக வெளியிட்டார். நம் நாட்டில் ஜகதீஷ் சந்திர போஸ், செடியின் வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவியை உருவாக்கினார். இருவருமே முழுச் செடியை உயிரோடு வைத்துப் பார்த்தவர்கள்.

பிற்காலத்தில் 1965-இல் ஸ்காலண்டரும் அவருடைய துணைவர்களும் புகழ்பெற்ற அழுத்தக் கல முறையை வெளியிட்டார்கள். வெட்டிய இலையை இரும்புக் கலத்தில் வைத்து, காம்பில் நீர் துளிர்க்கும் வரை அழுத்தம் கொடுத்து அளப்பது அது. துல்லியமானது, ஆனால் இலையை வெட்டியாக வேண்டும். பின்னர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில், ஜாக்சன், இட்சோ ஆகிய விஞ்ஞானிகளின் குழு, அகச்சிவப்பு வெப்பமானியால் எட்ட நின்றே பயிரின் சூட்டை அளந்து, 1977 முதல் 1981 வரை வெளியிட்ட கட்டுரைகளில் பயிரின் நீர்த்தட்டுப்பாட்டை எண்ணாகக் கணக்கிடும் முறையை வகுத்தது. சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. அக்கதிரைக் கொண்டு இந்தக் கருவி சூட்டைச் சொல்லிவிடும். 2020-இல் கொரோனா நோய் பரவியபோது கடைவாசலில் நம் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தக் கருவியின் உறவினர்தான் இதுவும்.

முந்தி வாடும் பாத்தி

கருவி கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பெரியவர் தற்செயலாகக் கிடைத்த சரளை மேட்டைக் கொண்டு செய்ததை நாம் திட்டமிட்டே செய்யலாம். இது வேளாண் பாடங்களில் நெடுங்காலமாக உள்ள முறைதான். ஆனால் வயல்களில்தான் காணவில்லை.

வயலின் நடுப்பகுதியில், வாய்க்காலுக்கும் மர நிழலுக்கும் தள்ளி, 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் ஒரு குழி தோண்டுங்கள். மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியே குவியுங்கள். தோண்டிய மண்ணில் நூற்றுக்கு 5 பங்கு மணல் கலக்க வேண்டும். அதாவது மொத்தக் குழிக்கு 50 லிட்டர் மணல். பத்து லிட்டர் வாளியால் ஐந்து வாளி. அடிமண்ணை அடியிலும் மேல்மண்ணை மேலுமாக நிரப்புங்கள். ஒரு தண்ணீர் விட்டு மண் இறங்கிய பின் சமன் செய்யுங்கள். வயலில் விதைக்கும் அன்றே, அதே விதையை, அதே இடைவெளியில் அங்கும் விதையுங்கள். அதே உரத்தையும் இடுங்கள்.

மணல் கலந்த மண் ஈரத்தைக் குறைவாகவே பிடித்து வைக்கும். ஆகையால் அந்தப் பாத்திச் செடிகள் மற்றவற்றைவிட ஓரிரு நாள் முந்தி வாட்டம் காட்டும். அங்கே வாட்டம் தெரிந்தால் வயல் முழுவதற்கும் தண்ணீர் கட்டும் நேரம் நெருங்கி விட்டது என்று பொருள். நிலமே மணற்பாங்காக இருந்தால் இம்முறை அவ்வளவாக உதவாது. அங்கே ஒரு சதுர மீட்டர் இடத்தில் வழக்கத்தைவிட இரு மடங்கு நெருக்கமாக விதைத்து விடுங்கள். செடி கூடினால் ஈரம் விரைவில் தீரும். அதுவும் முந்தி வாடும்.

வாட்டத்தைப் பார்க்கும் நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் பல பயிர்கள் சற்றே துவண்டு மாலையில் நிமிர்ந்து கொள்ளும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். நிலக்கடலை இரவில் இலை மடிப்பது அதன் இயல்பு. அதுவும் தாகம் அன்று. முற்பகல் 10, 11 மணிக்கே இலை மடிந்தாலும் மக்காச்சோளத் தாள் சுருண்டாலும் அது தாகத்தின் அறிகுறி. விடியற்காலையிலும் இலை நிமிரவில்லையென்றால் காலம் கடந்து விட்டது என்று அறிய வேண்டும்.

வாடாத பாத்தி

இனி, கருவி கிடைத்தவர்களுக்கு. வேறோர் இடத்தில் ஒரு சதுர மீட்டர் பயிரைத் தேர்ந்து, அதற்கு மட்டும் அவ்வப்போது குடத்தால் தண்ணீர் விட்டு, எப்போதும் தாகமின்றி வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் தண்ணீர் தேங்க விடாதீர்கள். தெளிந்த வெயில் உள்ள நாளில் பிற்பகல் 1 மணி முதல் 2 மணிக்குள் இந்தப் பாத்தியின் சூட்டை அளந்து, அடுத்த நிமிடமே வயலின் சூட்டை நாலைந்து இடங்களில் அளங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் நமக்கு வேண்டியது.

சாதாரணக் கருவிகள் ஒன்றிரண்டு டிகிரி கூட்டியோ குறைத்தோ காட்டும். ஒரே கருவியால் இரண்டு இடங்களையும் அளக்கும்போது அந்தப் பிழை பெரும்பாலும் கழிந்து விடும். வேறுபாடு ஒரு டிகிரி செல்சியஸ் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். இரண்டு, மூன்று என்று வளர்ந்து அடுத்த நாளும் நீடித்தால் மடையைத் திறக்கலாம். இது சட்டம் அன்று. ஒரு பருவம் குறித்து வைத்துப் பார்த்து, உங்கள் மண்ணுக்கும் பயிருக்கும் ஏற்றபடி நீங்களே திருத்திக் கொள்ள வேண்டிய அளவு.

சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். கருவியைச் சாய்வாகப் பிடித்துத் தழையை மட்டும் பார்க்க வேண்டும். இடையில் வெறும் மண் தெரிந்தால் அதன் சூடு கலந்து கணக்கைக் கெடுக்கும். ஆகவே, பயிர் தழைத்து நிலத்தை மூடிய பிறகே இம்முறை பயன்படும். மேகமூட்டமான நாளிலும், காற்றில் ஈரம் மிகுந்த கடலோரப் பகுதிகளிலும் வேறுபாடு குறைவாகவே தெரியும். நெற்றிச் சூடு பார்க்கும் கருவியைப் பயிருக்குப் பயன்படுத்தக் கூடாது. அது மனித உடம்புக்கென்று திருத்தி அமைக்கப்பட்டது. பொருள்களின் மேற்பரப்புச் சூட்டை அளக்கும் கருவியே வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: இலை சுடுகிறது, மண்ணைத் தோண்டிப் பார்த்தால் ஈரமாக இருக்கிறது என்றால் தண்ணீர் விடாதீர்கள். வேரழுகலோ, நூற்புழுவோ, தண்ணீர்த் தேக்கமோ இருக்கலாம். வேர் பழுதானாலும் இலைக்கு நீர் ஏறாது, இலை சுடும். அந்த நிலையில் தண்ணீர் கட்டுவது நோயை வளர்ப்பதாகும். ஆகவே, பயிரைப் பார்க்கிறவர் மண்ணையும் ஒரு பிடி எடுத்துப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிலையம் உருவாக்கிய, வண்ண விளக்குகளால் மண் ஈரத்தைக் காட்டும் கையடக்கக் கருவியும் இதற்கு உதவும். மண்ணில் நீர் இருக்கிறதா என்பதை மண் சொல்லும். அது பயிருக்குப் போய்ச் சேர்கிறதா என்பதைப் பயிர்தான் சொல்லும்.

செய்ய வேண்டியது என்ன?

"வாய்க்காலில் முறை வரும்போதுதான் எங்களுக்குத் தண்ணீர், பயிரைக் கேட்டு என்ன பயன்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் கிடைக்கும் தண்ணீரை எந்த வயலுக்கு முதலில் திருப்புவது, எதை அடுத்த முறைக்கு விடுவது என்பதைப் பயிரே சொல்லிவிடும். கிணறு உள்ளவர்களுக்கோ இந்தத் தடையே இல்லை. ஆட்டோ ஸ்டார்ட்டரை அணைத்து வைக்கும் துணிவு ஒன்றே போதும்.

சொட்டு நீர்ப் பாசனம் அமைத்தவர்களுக்கும் இது பொருந்தும். குழாய் வந்ததே தவிர, எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் ஓட்டுவது என்ற தீர்மானம் இன்னும் பழைய வழக்கப்படியே நடக்கிறது. கருவிக்கு மானியம் தரும் அரசு, அந்தக் கருவியை எப்போது திறப்பது என்று கற்றுக் கொடுக்கவும் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு செயல்விளக்கத் திடலிலும் முந்தி வாடும் பாத்தி ஒன்றும் வாடாத பாத்தி ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு கிராமத்து உழவர் குழுவிடமும், தெளிப்பான் இருப்பது போல, ஓர் அகச்சிவப்பு வெப்பமானி இருக்க வேண்டும். நாள் வாடகை இல்லாமல் ஏழை விவசாயிக்கும் அது கிடைக்க வேண்டும்.

என்னைப் போன்ற விஞ்ஞானிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆய்வுக்கூடத்திற்கு இலை வேண்டும் என்றால் நம் பண்ணையில் பறித்துக் கொள்வோம். விவசாயியின் வயலுக்குப் போகும்போது கத்தரிக்கோலை வைத்து விட்டுப் போவோம். அவருக்கு வேண்டியது நம் கட்டுரை அன்று. இன்று மாலை மடையைத் திறக்கலாமா என்ற பதில்.

வருகிற மார்கழிப் பட்டத்தில் இறவை நிலக்கடலை விதைக்கும் அன்பர்கள் விதைப்பதற்கு முன்பே அந்தக் குழியைத் தோண்டி விடுங்கள். அரை நாள் வேலை. ஐந்து வாளி மணல். மாசி வெயில் ஏறும்போது தினமும் முற்பகலில் அந்தப் பாத்திப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். தண்ணீர் கட்டிய தேதிகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அறுவடையானதும் எத்தனை தண்ணீர் கட்டினீர்கள், சென்ற ஆண்டு எத்தனை கட்டினீர்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தண்ணீர் குறைந்திருந்தாலும் ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர் உங்கள் கிணற்றில் மிச்சம். ஒன்றும் குறையாமல், காய் கூடியிருந்தாலும் நல்லதே. சரியான நாளில் கட்டினீர்கள் என்று பொருள்.

அந்தக் கொங்கு நாட்டுப் பெரியவர் இன்று இல்லை. அவருடைய சரளை மேட்டையும் பின்னாளில் சமன் செய்து விட்டார்கள். ஆனால் அப்படி ஒரு மேட்டை ஒவ்வொரு வயலிலும் நாமே உண்டாக்கிக் கொள்ளலாம்.